பஸ் படுக்கும் இடம்

தை, இரண்டாவது திங்கள். முற்பகல் பத்து மணிக்கு எங்கள் பஸ் சாலையில், அதாவது டிப்போவில், இரண்டு மின்சார பஸ்கள் சேவையில் இணைக்கப்பட்டன. பணிமனைக் கூரையில் பொருத்தப்பட்ட சோலர் தகடுகளும் அதே மேடையில் திறந்து வைக்கப்பட்டன.

மாசி, முதலாவது வெள்ளி. குடியேற்றத் திட்டத் தடத்தின் திருத்திய நேர அட்டவணை நடைமுறைக்கு வந்தது. ஊரிலிருந்து காலை ஐந்து பத்துக்குப் புறப்பட்ட பஸ் நீக்கப்பட்டது. முதல் பஸ் ஆறு நாற்பதுக்கு என்று மாற்றப்பட்டது.

மாசி, இரண்டாவது வெள்ளி. திருத்திய சேவையின் முதல் வார அறிக்கை, முதல் பஸ்: பயணிகள் இல்லை.

பங்குனி, முதலாவது திங்கள். தனியார் சிற்றூர்தி ஒன்று ஐந்து பத்துச் சேவையைத் தொடங்கியது.

பங்குனி, மூன்றாவது திங்கள். அது நிறுத்தப்பட்டது.

சித்திரை, கடைசிச் செவ்வாய். ஊரில் பஸ்ஸுக்கு மின்னேற்றும் வசதி கோரி மின் விநியோக அலுவலகத்துக்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் கிடைத்தது.

வைகாசி, மூன்றாவது சனி. என் மனைவி தேவகி மாவட்ட வைத்தியசாலையில் காலமானார்.

ஆனி, கடைசி நாள். பஸ் சாலையின் பொறியியலாளர் பதவியிலிருந்து நான் ஓய்வு பெற்றேன்.

மேலுள்ளவை என் நாட்குறிப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றில் பொய் எதுவும் இல்லை. 'பயணிகள் இல்லை' என்ற வரியும் பொய்யன்று.

எங்கள் சாலையின் இளநிலைப் பொறியியலாளர் சுபாங்கி, பொறியியலாளர்களின் ஆண்டு மலருக்கென்று என்னிடம் கட்டுரை கேட்டு வந்தார். மலரின் பொருள், வலுச்சக்தியும் போக்குவரத்தும் மக்கள் உடைமையாக இருப்பதே பசுமைக்கு வழி என்பது. "சேர், நீங்கள் முப்பத்தாறு வருசம் இதுக்குள்ள இருந்தனீங்கள். நாலு பக்கம் எழுதித் தாங்கோ. திறப்பு விழாப் பேச்சு மாதிரி மட்டும் எழுதிப்போடாதேங்கோ" என்றார். பொருளோடு எனக்குப் பிணக்கில்லை. பஸ்ஸும் மின்சாரமும் மக்கள் கையில் இருக்கவேண்டும் என்பதை நான் பல்கலைக்கழகத்திலேயே நம்பினேன், இன்றும் நம்புகிறேன். நம்பியவன் என்ற முறையில்தான் சில நிகழ்ச்சிகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தெற்கிலே ஒரு பணிமனையில் இரண்டு வருடம் இருந்தேன். எஞ்சினின் பாகங்களுக்குச் சிங்களப் பெயர்களைக் கற்பதற்கு முன்பே, அவை கழலாதபோது சொல்லவேண்டிய சொற்களைக் கற்றுக்கொண்டேன். பிறகு வன்னிக்கு வந்தேன். போரோடு வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே டீசல் இல்லை. மின்கம்பங்கள் நின்றன, கம்பிகள் இல்லை. ஓடிய சில வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். வைத்தியசாலைக்கும் சைக்கிளில்தான் போனோம். இப்போது பசுமைக் கருத்தரங்குகளில் காட்டப்படும் வரைபடங்களைப் பார்க்கையில், அந்த ஆண்டுகளில் நாங்கள் உலகத்துக்கே முன்மாதிரியாக வாழ்ந்திருக்கிறோம் என்று விளங்குகிறது. அப்போது ஒருவரும் வந்து எங்களைப் பாராட்டவில்லை. பாதை மூடியிருந்தது காரணமாக இருக்கலாம்.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு பஸ்கள் வந்தன. அவற்றோடு 'இரவுத் தரிப்பு' என்ற பழைய முறையும் வந்தது. இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். மற்ற எல்லாம் இதிலிருந்தே வருகின்றன.

பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போகும் வீதியில் முரசுமோட்டையைக் கடந்து, பின்னர் உள்ளே திரும்பி, வாய்க்கால் ஓரமாக நெடுந்தூரம் போனால் எங்கள் குடியேற்றத் திட்டம் வரும். தேவகியின் தகப்பனாருக்குக் கிடைத்த காணியில்தான் நாங்கள் இருந்தோம். மாலைக் கடைசி பஸ் அங்கே வந்து, நகருக்குத் திரும்பாமல், கூட்டுறவுச் சங்கக் கடை முற்றத்தில் நிற்கும். சாரதி பஸ்ஸை வீதியைப் பார்த்தபடி திருப்பி நிறுத்துவார். பின் சில்லுகளுக்கு இரண்டு கற்கள் வைப்பார். அடுத்த நாள் காலை நாலே முக்காலுக்கு எஞ்சினை இயக்கிக் கால் மணி நேரம் சூடேற்றுவார். அந்தச் சத்தம்தான் ஊருக்கு அறிவித்தல். சத்தம் கேட்டு முகம் கழுவினால் நேரம் சரியாக இருக்கும். ஐந்து பத்துக்குப் பஸ் வெளிக்கிடும். ஆறு இருபதுக்கு மாவட்ட வைத்தியசாலை வாசல்.

சாரதிக்கும் நடத்துநருக்கும் இரவுச் சாப்பாடு ஊர் கொடுத்தது. இதற்குச் சுற்றறிக்கை ஏதும் கிடையாது. சங்கக் கடையின் வெளிச்சுவரில் கிழமை ஏழும் கரியால் எழுதப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வீட்டின் பெயர் இருந்தது. வியாழனுக்கு எதிரே 'தேவகி ரீச்சர்'. புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். புட்டும் பருப்பும் ஒரு பொரியலும். சாரதி மாரிமுத்துவுக்கு வயிற்றுப் புண் என்பதால் வியாழக்கிழமைகளில் எங்கள் வீட்டில் உறைப்புக் குறைவு. பிறந்தது மலையகத்திலே, வளர்ந்தது வன்னியிலே என்று தன்னை அறிமுகப்படுத்துகிற மாரிமுத்து அந்தத் தடத்தில் பதினாறு வருடம் ஓடியவர்.

காலை பஸ்ஸில் நிரந்தரமாகப் பன்னிரண்டு பேர் போனார்கள். வைத்தியசாலைச் சுத்திகரிப்புத் தொழிலாளர் இருவர், பேக்கரிக்குப் போகும் சகோதரிகள் மூவர், சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகும் இருவர். மிகுதி ஐவரும் சிறுநீரக நோயாளர். கிழமையில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள். ஐவரில் ஒருவர் தேவகி. முதல் முறை ஏழு மணிக்குத் தொடங்கும். அதைப் பிடித்தால் மதியத்துக்கு வீடு வரலாம். தவறினால் இரண்டாம் முறை. பிறகு மாலை பஸ் வரும்வரை வைத்தியசாலை வாங்குப் பலகையில் இருக்கவேண்டும்.

எனக்கு அரச வாகனம் இருந்தது. அதில் என் மனைவியை நான் ஏற்றியதில்லை. அவரும் ஏறச் சம்மதித்ததில்லை. "என்னை ஏத்திக்கொண்டு போட்டு, நாளைக்கு ஆரையும் எப்பிடிக் கண்டிப்பீங்கள்?" என்று ஒருமுறை கேட்டார்.

இனி எங்கள் பிராந்திய முகாமையாளர். அவர் கெட்டவர் அல்லர். மேசையில் ஒரு கண்ணாடி விரித்திருப்பார். வரும் கடிதத்தை எழுந்து நின்று உரக்க வாசிப்பார், மூன்றாக மடிப்பார், பின் விரித்துக் கண்ணாடிக்குக் கீழே வைப்பார். அங்கே போன கடிதம் பிறகு நடமாடியதில்லை. எதிரே இருப்பவர் தன் கடிதத்தைத் தலைகீழாக வாசித்துக்கொண்டே அதன் நிலை பற்றி விசாரிக்கலாம். "கொள்கையளவில் எனக்கு ஆட்சேபனை இல்லை" என்பது அவருடைய பதில். எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. எதையும் செய்ததாகவும் எவரும் அவரைக் குற்றம் சாட்ட முடியாது.

மின்சார பஸ்கள் வந்த அன்று மேடையில் பேசிய எல்லோரும் சூரியனைப் பாராட்டினார்கள். பஸ்ஸும் மக்களுடையது, மின்சாரமும் மக்களுடையது, புகை மட்டும் ஒருவருக்கும் இல்லை என்று ஒருவர் சொன்னார், கைதட்டல் கிடைத்தது. கூரைத் தகடுகள் பகலில் மின்சாரம் தந்தன. பஸ்கள் பகலில் வீதியில் ஓடின. பஸ்கள் திரும்பி வரும்போது சூரியன் போயிருக்கும். இருவரும் சந்திக்க வழி இருக்கவில்லை. ஆகவே பகல் மின்சாரம் பொதுக் கம்பியில் போனது. இரவில் பஸ்கள் மேற்குக் கரையில் நிலக்கரி எரித்துக் கிடைத்த மின்சாரத்தைக் குடித்தன. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்தால் டீசலைவிட மேல்தான். பாராட்டுரையில் நிலக்கரிக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம் என்பதே என் அபிப்பிராயம்.

அடுத்த வாரம் கூட்டம் நடந்தது. தலைநகரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்திருந்தார். மாரிமுத்து சாரதிகளின் சார்பில் பின்வரிசைக் கதிரையில் இருந்தார். எங்கள் தடத்தின் தூரம் புதிய பஸ்ஸின் மின்கலத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது என்று ஆலோசகர் விளக்கினார். ஆனால் பஸ் இரவில் சாலைக்கு வந்தே மின்னேற்ற வேண்டும்.

"இப்ப இருக்கிற பஸ் ராத்திரி முழுக்க ஒரு கடை வாசல்ல சும்மா நிக்குது. பொதுச் சொத்தை இப்படிச் சும்மா விடலாமா?" என்றார்.

"சும்மா நிக்கலீங்க ஐயா" என்றார் மாரிமுத்து. "அது படுக்குது."

சிலர் சிரித்தார்கள். மாரிமுத்து சிரிக்கவில்லை.

"அங்க படுத்தாத்தான் விடியக் காலம அங்கயிருந்து எழும்பும். டிப்போவில படுத்தா, காலையில ஊருக்கு வெறும் பஸ்ஸாப் போகணும், ராத்திரி வெறும் பஸ்ஸா வரணும். ஆளில்லாம ரெண்டு ஓட்டம். அது என்னா பசுமைங்க?"

"வெறுமையா ஓடினாலும் புகை வராதே" என்றார் ஆலோசகர்.

"சனமும் வராதுங்களே."

முகாமையாளர் எழுந்து நின்றார். "கொள்கையளவில் ரெண்டு பேர் சொல்லுறதும் சரி" என்றார். திருத்திய அட்டவணை தயாராகவே இருந்தது.

அந்தப் படிவத்தில் பொறியியலாளரின் குறிப்புக்கென்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் ஒரு வரி ஆட்சேபனை எழுதியிருந்தால் அட்டவணை குறைந்தது மூன்று மாதம் நின்றிருக்கும், விதி அப்படி. எழுதவேண்டியது என்ன என்பதும் எனக்குத் தெரியும். மாரிமுத்து அதை ஏற்கெனவே நல்ல தமிழில் சொல்லிவிட்டார். நான் பேனையை எடுத்தேன். ஐந்து பத்து பஸ்ஸில் என் மனைவி போகிறார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. என் ஆட்சேபனை என் வீட்டு அலுவலாகப் படும். ஒரு பொது உத்தியோகத்தர் தன் வீட்டுக்காக ஒரு பஸ்ஸை மறித்தார் என்று வரும். 'தொழில்நுட்ப ரீதியில் ஆட்சேபனை இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தொழில்நுட்ப ரீதியில் அது உண்மை.

அன்று வியாழன். குசினியில் தேவகி புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாரும், அஞ்சு பத்து நிக்கப்போகுது."

"ஆர் சொன்னது?"

"நான்தான் கையெழுத்து வைச்சனான்."

அவர் கை நிற்கவில்லை. "அதில ஆர் ஆர் போகினம் எண்டு உங்களுக்குத் தெரியாதே?"

"தெரிஞ்சபடியாத்தான். நீர் போற பஸ்ஸுக்காக நான் வாய் திறந்தால், வீட்டு அலுவலை ஒப்பீசில பாக்கிறார் எண்டு கதைப்பினம்."

"என்னை விடுங்கோ. மிச்சப் பதினொரு பேருக்காகக் கேட்டிருக்கலாமே. வேணுமெண்டால் நான் ஓட்டோவில வாறன் எண்டு எழுதித் தந்திருப்பன்."

மாவில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு அவர், வகுப்பில் கேள்வி கேட்கும் அதே குரலில் கேட்டார்: "பொதுச்சொத்து, பொதுச்சொத்து எண்டு சொல்லுறீங்கள். உங்கட பெண்சாதி எண்டதால நான் பொதுசனம் இல்லாமல் போனனானோ?"

பிறகு இடியப்பத் தட்டைத் தேடினார். புட்டுக்கு இடியப்பத் தட்டு எதற்கு என்று நான் கேட்கவில்லை. அன்றிரவு மாரிமுத்துவுக்கு வழமையைவிட ஒரு அகப்பை கூடுதலாகப் போனது.

புதிய பஸ் அந்தத் தடத்தில் ஓடத் தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. காலை ஆறரைக்குப் பஸ் ஊருக்குள் வந்து பத்து நிமிடம் நின்று, குறித்த நேரத்துக்குப் புறப்பட்டது. ஒருவரும் ஏறவில்லை. பதினாறு வருடம் எஞ்சின் சத்தத்துக்கு எழும்பிப் பழகிய ஊர். ஏழு மணிக்குப் போய்ச்சேர வேண்டியவர்கள் இருட்டோடு ஓட்டோ பிடித்துப் போயிருந்தார்கள்; மற்றவர்கள் சத்தம் வரட்டும் என்று வீட்டுப் படலையில் ஆயத்தமாக நின்றார்கள். பஸ் சத்தம் போடாமல் வந்து சத்தம் போடாமல் போய்விட்டது. நாலாம் நாள் சங்கக் கடைக்காரர் மாரிமுத்துவை மறித்து, "என்ன தம்பி, கள்ளன் மாதிரி வந்து போறாய்?" என்று கேட்டாராம். கோர்ண் அடிக்கலாமா என்று மாரிமுத்து எழுத்தில் அனுமதி கேட்டார். வைத்தியசாலை, பாடசாலை அருகில் அடிக்கக்கூடாது என்ற பதில் போனது. ஊரில் வைத்தியசாலை இல்லை. ஆனால் பதில் போனது. இதற்கிடையில் வார அறிக்கை மேலே போய்விட்டது: பயணிகள் இல்லை. ஐந்து பத்து பஸ்ஸுக்குத் தேவையே இருக்கவில்லை என்பதற்கு முகாமையாளர் அந்த அறிக்கையைச் சான்றாகக் காட்டினார். அதைக் கண்ணாடிக்குக் கீழே வைக்கவில்லை, சுவரில் ஒட்டினார்.

அடுத்த மாதம் தனியார் சிற்றூர்தி ஒன்று வந்தது. ஐந்து பத்துக்கே வெளிக்கிட்டது. உரிமையாளர் மரியாதையான மனிதர். இரண்டு கிழமை பன்னிரண்டு பேரை ஏற்றிப் பார்த்தார்; மூன்றாவது திங்கள் வரவில்லை. நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். பன்னிரண்டு பேருக்காக ஒரு பஸ் ஓட்டுவது அவருடைய கடமை அல்ல. அது எங்களுடைய கடமை. மக்கள் உடைமை என்று இந்த மலர் எதைச் சொல்கிறதோ, அதற்கு நான் தரக்கூடிய முழு விளக்கமும் இதுதான்.

சித்திரையில் நான் செய்யக்கூடிய ஒன்றைக் கண்டேன். பஸ் ஊரிலேயே படுக்கவேண்டும் என்றால் ஊரிலேயே மின்னேற்ற வேண்டும். சங்கக் கடைக்கு அருகே அரிசி ஆலை. அதற்கென்று ஒரு மின்மாற்றி. ஆலை மாலையோடு ஓயும். இரவில் அந்த மின்மாற்றிக்கு வேலை இல்லை. உண்மையில் சும்மா நின்ற பொதுச் சொத்து அதுதான். ஆலோசகரின் கண்ணில் அது படவில்லை. மின் விநியோக அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் நாகரிகமாக இருந்தது: விண்ணப்பதாரர் சாதாரண வாடிக்கையாளராக விண்ணப்பிக்க வேண்டும், இணைப்புப் பெறும் காணியின் உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தின் பிரதியை, இணைக்க வேண்டும்.

சங்கக் கடை நிற்பது அரச காணி. அனுமதிப்பத்திரம் மட்டுமே உண்டு. ஆக, பஸ் மக்களுடையது, மின்சாரம் மக்களுடையது, காணியும் மக்களுடையது. மூன்றுக்கும் சொந்தக்காரரான மக்கள் அதிகாலையில் ஓட்டோ பிடித்தார்கள், காட்டுவதற்கு உறுதி இல்லாதபடியால். முகாமையாளர் பதிலை எழுந்து நின்று வாசித்தார். மூன்றாக மடித்தார். விரித்தார். மிகுதி தெரியும்.

ஓட்டோவில் ஐவர் போகமுடியாது. மூவர் போவார்கள், இருவர் ஆறு நாற்பது பஸ்ஸில் இரண்டாம் முறைக்குப் போவார்கள். யார் எந்த நாள் என்பதைத் தேவகி ஒரு கொப்பியில் எழுதிவைத்தார். கொப்பியை அவருக்குப் பிறகு பார்த்தேன். இரண்டாம் முறைப் பட்டியலில் மற்றவர்களின் பெயர்கள் மாறி மாறி வருகின்றன. அவருடைய பெயர் எல்லா நாளும் இருக்கிறது.

அவருடைய முடிவுக்கும் பஸ்ஸுக்கும் தொடர்பில்லை என்று வைத்தியர் சொன்னார். அவர் கற்றவர், நான் ஏற்றுக்கொள்கிறேன். கடைசி மூன்று மாதங்களில் கிழமைக்கு மூன்று நாள், மதியத்துக்கு வீடு வந்திருக்கக்கூடிய ஒருவர் இருட்டியபின் வந்தார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்த செய்தி. அதற்கு வைத்தியரிடம் கேட்க ஒன்றும் இல்லை.

எட்டாம் நாள் ஈமச் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பின் சுபாங்கி ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அனுதாபம் சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அரிசி ஆலை மின்மாற்றியின் சுமையை மின் அலுவலகத்தில் தன்னோடு படித்த ஒருவரின் உதவியோடு மூன்று நாள் அளந்திருந்தார்.

"சேர், தாங்கும். தாராளமாத் தாங்கும். ஏழு நாள் அளவு இருந்தால் ஒருத்தரும் மறுக்கேலாது. ஆனால் அட்டவணைப் படிவத்தில ஆட்சேபனை இல்லையெண்டு பொறியியலாளரே எழுதிக் கிடக்காம். முகாமையாளர் அதைத்தான் காட்டுறார்."

"ஓம். நான்தான் எழுதினனான்."

"ஏன் சேர்?"

சொன்னேன். அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "நேர்மையான ஆக்களால வாற கரைச்சல் பெரிய கரைச்சல், சேர்" என்றார். பின்னர் அப்படிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டார். நான் மன்னிக்கவில்லை, மன்னிக்க அதில் பிழை இருக்கவில்லை. அதன் பிறகுதான் கட்டுரை கேட்டார்.

கட்டுரைக்கு முடிவுரை எழுதும் தகுதி எனக்கில்லை. முடிக்காமல் விட்ட வேலைகளின் பட்டியலைத் தருகிறேன்.

படிவத்தில் நான் எழுதிய குறிப்பு பிழையென்று விளக்கும் கடிதம் எழுதியாயிற்று. அது போவதற்குள் ஓய்வு பெற்றுவிட்டேன்; ஓய்வு பெற்றவரின் குறிப்பு செல்லாதாம். அந்தத் தடத்தின் பயணி என்ற பெயரில் அனுப்ப வேண்டும்.

மின்மாற்றியில் இன்னும் நான்கு நாள் அளக்க வேண்டும்.

சங்கக் கடைக் காணியின் அனுமதிப்பத்திரப் பிரதியைக் கண்டாவளைப் பிரதேச செயலகத்தில் கேட்டு எடுக்க வேண்டும்.

சங்கக் கடைச் சுவரில் கிழமை ஏழும் இன்னும் அழியாமல் இருக்கின்றன. பஸ் மறுபடி ஊரில் படுக்க வந்தால், வியாழன் எங்கள் வீட்டு முறை. அதற்குள் நான் புட்டு அவிக்கப் பழக வேண்டும். மா இன்னும் கட்டிபடுகிறது.